பாதியில் நின்ற ஆய்வேடு: அகாலத்தில் போன ஆராய்ச்சி மாணவருக்காகத் துறை செய்ய வேண்டிய வேலைகள்

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சின்ன வயதில் இறந்துபோனால் இழவு இரண்டு இடத்தில் விழுகிறது. ஒன்று அவர் வீட்டில். இன்னொன்று, நான்கைந்து வருடம் காலையில் வந்து இரவு கடைசி பஸ்ஸுக்கு ஓடிய துறையில். வீட்டுத் துக்கத்துக்கு நம் பக்கத்தில் முறை இருக்கிறது. கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, யார் எப்போது வருவது, காரியம் என்றைக்கு, திதி எப்போது என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். துறைக்கு அப்படி முறை சொல்ல ஆள் இல்லை. முதல் வாரம் எல்லாரும் அழுகிறார்கள், படத்துக்கு மாலை போடுகிறார்கள். இரண்டாம் மாதம் மேசை வேறொருவருக்குப் போகிறது. ஆறாம் மாதம் அவருடைய கோப்புகள் எந்தக் கணினியில் இருந்தன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிறவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதல் ஆள். பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்தது என்று பெற்றவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ‘பெரிய படிப்பு’ என்பதோடு நின்றுவிடும். அந்தப் பெரிய படிப்பு என்ன என்று எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஆய்வை வழிநடத்திய கைடும் கூடப் படித்தவர்களும்தான். அவர்கள் சொல்லாவிட்டால் அந்த நான்கு வருடத்துக்கு வீட்டில் பொருளே இல்லாமல் போய்விடும்.

முதல் பத்து நாள்

வீட்டோடு பேச ஒரே ஒரு ஆளை வையுங்கள். கைடு கட்டாயம் நேரில் போக வேண்டும். ஆனால் தினசரித் தொடர்புக்கு, இறந்தவரின் வீட்டுக்கு முன்பே போய் வந்த ஒரு சீனியர் சரியாக இருப்பார். பத்துப் பேர் தனித்தனியாகப் போன் செய்து ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டால், ஒரே கதையைப் பத்து முறை சொல்லும் கொடுமை அந்த அம்மாவுக்கு.

கேதம் கேட்க மூன்று நான்கு பேராகப் போங்கள். பஸ் பிடித்து முப்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினால், துக்கத்திலும் காப்பி போட அடுப்படிக்கு ஓடும் வீடுகள் இவை. எந்த நாள் வரலாம் என்று பங்காளிகளில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்தார் வீடென்றால் வீட்டுப் பெண்களை ‘ஆச்சி’ என்பது மரியாதை. மற்ற வீடுகளில் ‘அம்மா’ போதும். திரும்பும்போது ‘போயிட்டு வர்றோம்’ சொல்லாமல் எழுந்து வருவதுதான் வழக்கம். பட்டம், பணம், சான்றிதழ் பேச்சை அன்று எடுக்கக் கூடாது.

துறையின் அறிவிப்பில் பெயர், பதிவு செய்த ஆண்டு, ஆய்வுத் தலைப்பு, இறந்த தேதி நான்கும் இருந்தால் போதும். இறந்த காரணத்தைக் குடும்பம் எழுதச் சொன்னால் மட்டும் எழுதுங்கள். தற்கொலை என்றால் எப்படி, எங்கே என்று ஒரு சொல்லும் வேண்டாம், யாரால் என்ற ஊகமும் வேண்டாம். கூடப் படித்தவர்களில் சாப்பிடாமல், தூங்காமல், அறைக்குள்ளேயே இருப்பவர்களை அந்த வாரமே கவனியுங்கள். மன உளைச்சலைத் தமிழிலேயே பேசக்கூடிய இலவச எண்கள் இரண்டு: 104, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரண்டையும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

அறை, போன், மடிக்கணினி

விடுதி அறையைக் காலி செய்ய வார்டன் அவசரப்படுத்தினால், பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைக்க ஒரு மாத அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். அறையைத் திறக்கும்போது வீட்டு ஆள் ஒருவர், துறை ஆள் ஒருவர், எழுத ஒருவர் என மூன்று பேர் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளையும் பட்டியலில் ஏற்றுங்கள். துணியைத் துவைத்துக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்வார்கள், ஆனால் பல அம்மாக்கள் தேடுவது அந்தத் துணியில் ஒட்டியிருக்கும் வாசத்தைத்தான். துவைத்தால் போனது போனதுதான். மெஸ் கணக்கு எழுதிய துண்டுத்தாள், பஸ் டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிய சமன்பாடு இவற்றைக் குப்பை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். உறையில் போட்டு வீட்டுக்குக் கொடுங்கள்.

போன் விஷயத்தில் கெடு இருக்கிறது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போகலாம், எண் வேறு ஆளுக்குப் போய்விடலாம். வாட்ஸாப் கணக்கு 120 நாள் செயல்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். கூகுள் கணக்குக்கு இரண்டு வருடம். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை அலுவலகம் எந்த நாளும் மூடலாம், ஆகவே ‘ஒரு வருடம் மூட வேண்டாம்’ என்று கைடு முதல் வாரமே எழுத்தில் கேட்க வேண்டும். சிம்முக்குக் குறைந்த ரீசார்ஜ் போட்டு, மாதம் ஒரு முறையாவது அதிலிருந்து அழைத்து உயிரோடு வையுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள். சில தவறான முயற்சிக்குப் பிறகு போன் தன்னைப் பூட்டிக்கொள்ளும், சில அமைப்புகளில் உள்ளே இருப்பதையே அழித்துவிடும். அவருடைய ஏடிஎம் அட்டையையும் ஓடிபியையும் வைத்துப் பணம் எடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அது நாமினி, வாரிசு வழியாக வர வேண்டிய பணம்.

குரல் பதிவுகளை முதலில் காப்பாற்றுங்கள். வாட்ஸாப்பில் அவர் நண்பர்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் ஒவ்வொருவர் போனிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வாரத்துக்குள் எல்லாரையும் அனுப்பச் சொல்லி, ‘யாருக்கு, எந்தத் தேதி’ என்று கோப்புக்குப் பெயர் வைத்துச் சேருங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் முன் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். நண்பர்களிடம் மட்டும் சொன்ன ரகசியம் அவர் போன பிறகும் ரகசியம்தான்.

மடிக்கணினியைத் திறக்க முடியவில்லை என்று உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பார்கள். பல விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கும், 48 இலக்க மீட்பு எண் கேட்டு நின்றுவிடும். அந்த எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் கிடைக்கும். எனவே வரிசை இதுதான்: முதலில் சிம், பிறகு மின்னஞ்சல், பிறகு கணினி. இதெல்லாம் வாரிசின் சம்மதத்தோடு, வீட்டு ஆள் பக்கத்தில் இருக்க நடக்க வேண்டும். திறந்ததும் ஆய்வுக் கோப்புகளை மூன்று பிரதி எடுங்கள். துறைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், வீட்டுக்கு ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. பென் டிரைவ் நம்பக்கூடியது அல்ல. பிரதி எடுத்த பிறகு அங்கங்கே இருபது கோப்பைத் திறந்து பார்த்தால்தான் வேலை முடிந்தது.

ஆய்வுக்கூடத்தில் விட்டுப்போனவை

1953-ல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர் காரைக்குடி என்பதால் மின்வேதியியலை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி சோதிக்கும் கருவியில் அவர் மாட்டிய காயின் செல்கள் (நாணய அளவுச் சோதனை பேட்டரிகள்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 500 முறை ஏற்றி இறக்கப் போட்டது 310-ல் இருந்தால் நிறுத்தாதீர்கள், முடியட்டும். அந்தச் சேனலில் ‘எடுக்க வேண்டாம்’ என்று பெயரோடும் தேதியோடும் சீட்டு ஒட்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் மூலத் தரவைக் கருவியின் சொந்தக் கோப்பு வடிவத்திலும், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய உரைக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

அடுத்து மாதிரிகள். குப்பிகளில் ‘கே-3-7பி’ என்பது போல ஏதோ எழுதியிருக்கும். அந்தக் குறிகளுக்கு விளக்கம் பாதி நோட்டில் இருக்கும், மீதி பக்கத்து மேசை ஜூனியரின் நினைவில் இருக்கும். முதல் மாதத்துக்குள் ஜூனியரை உட்கார வைத்து ஒவ்வொரு குப்பிக்கும் எழுதி வாங்குங்கள். தள்ளிப்போட்டால் குப்பி இருக்கும், அர்த்தம் இருக்காது. பெயரில்லாத ரசாயனத்தை மட்டும் நினைவுக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஆய்வு நோட்டு பொதுவாக நிறுவனத்துடையது, அதில் இருக்கும் முடிவுகளுக்கு அதுதான் சாட்சி. ஆகவே மூல நோட்டு துறையில், வண்ணப் பிரதி வீட்டுக்கு. ஸ்கேன் 300 டிபிஐ போதும், பென்சில் எழுத்துக்கு 400. அட்டை, வெற்றுப் பக்கம், ஓரத்தில் எழுதிய டீக் கணக்கு எதையும் விடாமல் எடுங்கள். பின்களைக் கழற்றுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். லாமினேஷன் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். இரண்டையும் பிறகு தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. வீட்டில் வைப்பதென்றால் மழைத் தண்ணீர் இறங்கும் சுவரோரம் கூடாது. மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். இந்தச் செம்மண்ணில் கறையான் தரையிலிருந்துதான் ஏறும். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் பழந்தாள் என்று தள்ளியதைச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பில் இருந்துதான் 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. தாளின் மதிப்பை அவசரத்தில் எடை போடக் கூடாது என்பதற்கு இந்த மண்ணிலேயே அத்தாட்சி உண்டு.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் மாணவர் என்றால் வேறு ஒரு கடமை முன்னால் வரும். ஊர் ஊராகப் போய் வீடுகளில் இரவல் வாங்கிய பொருள்கள் அவர் அறையில் இருக்கும்: பர்மாவிலிருந்து வந்த கடிதக் கட்டு, வட்டிக்கடைக் கணக்கேடு, மொய் ஏடு, கல்யாணப் புகைப்படம். களப்பணிக் குறிப்பேட்டைப் பார்த்து ஒவ்வொன்றும் எந்த வீட்டுடையது என்று கண்டுபிடித்து, மூன்று மாதத்துக்குள் ஆள் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள். கொடுக்கும்போது அவர் எடுத்த பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பாட்டி அந்தப் பிள்ளை திரும்பி வரும் என்று ஏட்டைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் செய்தி சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ஒலிப்பதிவுகளை வெளியிடுவதானால், பாடியவர்கள், பேசியவர்களின் அனுமதியைப் புதிதாகக் கேளுங்கள். அவர்கள் நம்பிப் பேசியது இறந்தவரிடம்.

வீட்டுக்குப் புரியும்படி இரண்டு பக்கம்

இதை மட்டும் செய்து மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் தப்பில்லை. அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று அம்மா, அப்பா படிக்க, அல்லது யாராவது படித்துக் காட்டக் கேட்க, தமிழில் இரண்டு பக்கம். மலரில், கூட்டத்தில் சொல்லும் புகழ்ச்சி எந்த மாணவருக்கும் பொருந்தும். இந்த இரண்டு பக்கம் இவர் ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

எழுத உட்காராமல் பேச உட்காருங்கள். கூடவே வேலை செய்த ஜூனியர், தன் அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லட்டும், போனில் பதிவு செய்யுங்கள், பிறகு எழுத்தாக்குங்கள். நேரடியாக எழுதினால் ஆய்வுச்சுருக்கத்தின் மொழிபெயர்ப்புதான் வரும். தொடக்கம் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாக இருக்க வேண்டும். சோடியம் அயனி பேட்டரியில் வேலை செய்த மாணவிக்கு இப்படி எழுதலாம்:

“செல்போன் பேட்டரிக்கு லித்தியம் என்ற உலோகம் வேண்டும். அது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. சோடியம் நாம் குழம்பில் போடும் உப்பிலேயே இருக்கிறது. லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்தால் பேட்டரி விலை குறையலாம். ஆனால் ஒரு சிக்கல். பேட்டரிக்குள் லித்தியம் போய் உட்காரும் கரி அடுக்கில் சோடியம் சரியாக நுழையாது. அதற்கென்று வேறு மாதிரிக் கரி வேண்டும். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால் அப்படி ஒரு கரி கிடைக்கும். எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் சுட்டால் அந்தக் கரி அதிக நாள் உழைக்கும் என்பதைத்தான் உங்கள் மகள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.”

அடுத்த பத்தியில் கை வேலை. நோட்டை எடுத்து எண்ணுங்கள்: எத்தனை மாதிரி செய்தார், எத்தனை இரவு தங்கி அளவெடுத்தார், எத்தனை முறை உலை பழுதாகித் திரும்பத் தொடங்கினார். எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், அழகுக்காகக் கூட்டக் கூடாது. பிறகு தோற்றவை. வராமல் போன சோதனைகளை மறைப்பது வழக்கம். ஆனால் ஒரு வழியில் கரி தூளாகிப் போகிறது என்று அவர் கண்டு எழுதி வைத்ததால் அடுத்து வருகிறவர் அந்த வழியில் போய் ஆறு மாதத்தை இழக்க மாட்டார். அதுவும் அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான், அதை அப்படியே எழுதுங்கள். கடைசிப் பத்தியில் வேலை எங்கே நிற்கிறது, யார் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்ற விவரம்.

எழுதியதை ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். துறையில் டீ கொண்டுவரும் அண்ணன் சரியான ஆள். அவர் ‘அப்படின்னா?’ என்று கேட்கும் இடம் எல்லாம் திருத்த வேண்டிய இடம். பத்திரிகையின் தரக்குறியீட்டு எண், ‘உலகப் புகழ்’, ‘நோபல் வாங்கியிருப்பார்’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பெற்றவர்களுக்கு அது ஆறுதல் தராது, இழந்ததைப் பெரிதாக்கும்.

எழுத்து தயாரானதும் பெற்றோரை ஒரு நாள் துறைக்கு அழைத்துவந்து, அவர் நின்ற மேசை, பிடித்த கருவி, சுட்ட கரி இவற்றைக் காட்டியபடி படியுங்கள். விடுமுறை நாளாகப் பாருங்கள், கூட்டம் இருக்காது. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் வைத்திருங்கள். மேசையை அதுவரை அப்படியே விடுங்கள். வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இது யாருடைய மேசை என்று புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கட்டுரை, பட்டம், வர வேண்டிய பணம்

முடியாத கட்டுரையை முடித்து அனுப்பும்போது ஆசிரியர் வரிசை அவர் செய்த வேலையின்படி இருக்க வேண்டும். பெயரை விட்டுவிடுவது திருட்டு. இரக்கத்தில் முதல் பெயராக ஏற்றுவதும் சரியல்ல. பெயருக்கு மேல் கத்திக் குறி (†) போட்டு, அடிக்குறிப்பில் இறந்த தேதியைக் கொடுப்பது வழக்கம். இதழுக்கு அனுப்பும் கடிதத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சில இதழ்கள் வாரிசின் ஒப்புதல் கடிதம் கேட்கும். அவருடைய மின்னஞ்சலில் நுழைந்து அவர் பெயரில் ‘சம்மதம்’ அழுத்துவது போலிக் கையெழுத்துக்குச் சமம். கட்டுரையில் சேராத தரவை ஜெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் அவர் பெயரில் ஏற்றினால் நிரந்தர எண் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம். அவர் எழுதிய கவிதை, கதை இருந்தால் அவற்றின் உரிமை வாரிசுகளுடையது. கேட்காமல் அச்சிடாதீர்கள்.

இறப்புக்குப் பிறகு பட்டம் வழங்கும் விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் இறந்தவருக்கும் அதற்கு முன் இறந்தவருக்கும் வழி வேறு. கைடின் கடிதம், துறைத் தலைவர் பரிந்துரை, வெளியான கட்டுரைகள், எழுதி முடித்த இயல்கள் எல்லாம் சேர்ந்து ஆட்சிக்குழுவுக்குப் போக வேண்டும். ஆணை கையில் வரும்வரை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ‘பட்டம் வாங்கித் தந்துவிடுகிறோம்’ என்று கேதத்தில் சொல்லிவிட்டு, பிறகு கோப்பு நின்றுபோனால் அந்த வீடு இரண்டாம் முறை இழக்கும்.

உதவித்தொகை பாக்கியைக் கணக்குப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000. மாதக்கணக்கில் நிலுவை இருந்தால் தொகை சின்னதல்ல. கூடவே வீட்டு வாடகைப்படி, விடுதி முன்பணம், பயணப்படி. இதற்கு இறப்புச் சான்றிதழும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் அலைச்சல் இல்லை. சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாப் படிவத்தையும் துறையே நிரப்பி, அப்பாவை ஒரே நாள் வரவழைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நூலகப் புத்தகம் திருப்பவில்லை, அபராதம் கட்டு என்று வீட்டுக்குக் கடிதம் போகாமல் நூலகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நினைவேந்தல்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் கூட்டம் வைக்க வேண்டாம். இஸ்லாமியர், கிறிஸ்தவர் வீடென்றால் அவர்கள் நாளைக் கேட்டு வையுங்கள். மாலையில் வைக்காமல் காலை பத்தரைக்கு வைத்தால் ஊர்ப்புறத்தில் இருந்து வருகிறவர்கள் வெளிச்சத்தில் வீடு திரும்பலாம்.

படம்தான் முதலில் கெடும். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் மங்கிக் கரைந்து நிற்கும். 12-க்கு 18 அங்குலப் படம் தெளிவாக வர 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். அதில் பாதி இருந்தால் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படம் என்பதை வீடு முடிவு செய்யட்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம். அதை அவிழ்த்துச் சுருட்டி எங்கே வைப்பது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கைடுக்கு ஐந்து நிமிடம், மற்றவர்களுக்கு மூன்று. மெஸ் அக்கா, வாட்ச்மேன் ஐயா இருவரையும் அழையுங்கள். அவர்கள் சொல்வது வேறு யாருக்கும் தெரியாததாக இருக்கும். பெற்றோரை மேடையேற்றிப் பேசச் சொல்லாதீர்கள், முன்வரிசை ஓரத்தில், நினைத்தால் எழுந்து வெளியே போகக்கூடிய இடத்தில் உட்கார வையுங்கள். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் தேவையில்லை. இரண்டு நிமிட மௌனத்தை ஒருவர் கடிகாரம் பார்த்து முடித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது நொடியில் யாராவது இருமி உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாப் பேச்சையும் பதிவு செய்யுங்கள்.

மணிவிழாவுக்கு மலர் போட்டுப் பழகிய பகுதி இது. அச்சகத்துக்காரருக்கு நினைவு மலர் புதிதல்ல. டெமி அளவில் 48 பக்கம், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், நடுவில் பின் அடிப்பு போதும். ‘அவரைப் பற்றி எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் நாற்பது பேரும் ‘சிரித்த முகம், உதவும் குணம்’ என்றே எழுதுவார்கள். கேள்வியாகக் கேளுங்கள்: கடைசியாக உங்களிடம் என்ன கேட்டார்? எந்தக் கருவியை அவர்தான் சரி செய்வார்? எதற்குக் கோபப்படுவார்? பழைய பாமினி எழுத்துருவில் வருவதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மூன்று முறை பிழை திருத்துங்கள். முதல் பக்கங்களில் அவர் எழுதியது வரட்டும், மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியது பிறகு.

அறக்கட்டளை, மரம், கல்

காசியில் நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதருக்குத் தினமும் பூசைப் பொருள் போவது தலைமுறை தாண்டி நிற்கிறது. யார் கொடுப்பது, எதிலிருந்து, எந்த வேளைக்கு என்ற ஒழுங்கு இருப்பதால்தான். அறக்கட்டளைப் பத்திரத்தையும் அந்தக் கண்ணோடு எழுதுங்கள்.

கணக்கு இப்படி: 5 லட்சம் வைப்பு, 7 சதவீத வட்டி என்றால் வருடம் 35,000. முழுவதையும் செலவழித்தால், விலைவாசி 6 சதவீதம் ஏறும்போது சுமார் 12 வருடத்தில் அதன் மதிப்பு பாதி. ஆகவே 25,000 செலவழித்து 10,000-ஐ அசலோடு சேருங்கள். ஒரு லட்சம்தான் சேர்ந்தது என்றால் 7,000 ரூபாயில் சொற்பொழிவு நடத்த முயலாதீர்கள். சென்னையில் இருந்து பேச்சாளர் வந்து தங்கிப் போவதற்கே சரியாகிவிடும். பரிசை ‘அதிக மதிப்பெண்’ணுக்கு வைப்பது ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. வெளி நிறுவனத்தில் மாதிரியைச் சோதிக்கக் கட்ட வேண்டிய கட்டணம், களப்பணிப் பயணம் இவற்றை மாணவர்கள் சொந்தக் காசில் கொடுத்துத் தடுமாறுகிறார்கள். முதல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு அந்தச் செலவைக் கொடுங்கள்.

தேர்வுக்குழுவில் ஆள் பெயர் எழுதாமல் பதவியை எழுதுங்கள்: துறைத் தலைவர், மூத்த ஆய்வு மாணவர், குடும்பத்தில் ஒருவர். பாடப்பிரிவு மூடப்பட்டால் பணம் எந்தத் துறைக்கு, செலவாகாத வட்டி எங்கே சேரும் என்ற இரண்டு விதியும் பத்திரத்தில் இருக்கட்டும். சில லட்சத்துக்குத் தனி டிரஸ்ட் தொடங்குவது வீண் சுமை, பல்கலைக்கழகத்திலேயே கட்டளையாக வைப்பது மேல். ஒரு மாணவரின் ஜிபேயில் நன்கொடை வாங்காதீர்கள். கணக்குக் கேட்கும்போது அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொடுக்க வருகிறவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வருவார். பெறும் அமைப்புக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும்.

மரம் நடுவதென்றால் ஐப்பசி மழை தொடங்கும் சமயம் நடுங்கள். வேம்பு, புங்கை, மகிழம் இந்த மண்ணில் நிற்கும். இரண்டடிக் குழி, தொழுவுரம், ஆட்டுக்கு எட்டாத வேலி. சித்திரை, வைகாசி விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதிய பிறகே குழி தோண்டுங்கள். பெயர்ப் பலகையை இரண்டு கோடை தாண்டிய பிறகு வையுங்கள். அவர் பெயர் போட்ட மரம் பட்டுப்போவதைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லில் பெயர் பதிக்க ஆசைப்படுவோர் உண்டு. அந்தக் கல்லின் முகம் கண்ணாடி மேல் கவிழ்ந்து வார்க்கப்படுவதால் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். தமிழ்ச் சுழிகள் சின்ன அளவில் சாயக் குழம்பில் கலங்கிவிடும். பூ வேலைப்பாட்டை ஆத்தங்குடியிலும் பெயரைக் கருங்கல்லிலும் வைப்பது நல்லது.

வருடங்கள் போன பிறகு

வீட்டில் திதி பார்ப்பார்கள், துறையில் தேதி பார்ப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் வராது. திதி நாளில் வீட்டைத் தொந்தரவு செய்யாமல் தேதி நாளில் போன் செய்யுங்கள். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கும் நாள் இன்னும் கடினமானது. அன்று காலை, படங்கள் பரவும் முன், ஒருவர் அந்த வீட்டுக்குப் பேசிவிட வேண்டும். கட்டுரை வெளியானால் ஒரு அச்சுப் பிரதியை நேரில் கொண்டுபோங்கள், அவர் பெயர் இருக்கும் வரியைக் கோடிட்டு.

ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கலைந்துவிடுவார்கள். நினைவுகள் அறுந்துபோவது இந்த இடத்தில்தான். துறை அலுவலகத்தில் ஒரு கோப்பு வையுங்கள்: நோட்டின் ஸ்கேன், தரவுகள் இருக்கும் இடம், இரண்டு பக்க எழுத்து, அறக்கட்டளைப் பத்திரம், வீட்டு எண், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் பெயர், பீரோச் சாவி யாரிடம் என்பது. தொடர்பில் இருந்த சீனியர் ஊரை விட்டுப் போகும் முன் அடுத்த ஜூனியரை அந்த வீட்டுக்கு நேரில் அழைத்துப்போய், ‘அம்மா, இனிமே இந்தத் தம்பி வருவான்’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு வர வேண்டும்.